கமிஷன் கொடுத்து வாங்கிய சில்லறை, இப்போது சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை

1 | பாய்லர், கோவில்பட்டி

எல்லோருக்கும் வணக்கம். பேருந்து நிலையம் அருகே இருபது வருஷமாக டீக்கடை நடத்துகிறேன். போன வாரம் கல்லாவுக்கு அடியில் இருந்த எண்ணெய் டின்னைத் தள்ளி வைக்கப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. டின்னில் எண்ணெய் இல்லை, காசு. அன்று ராத்திரி கடையை அடைத்துவிட்டு நானும் மகளும் உட்கார்ந்து எண்ணினோம். ஒன்று, இரண்டு, ஐந்து மூன்றும் சேர்த்து 11,340 ரூபாய். பத்து ரூபாய்க் காசு தனியாக ஒரு பாட்டிலில் கிடக்கிறது. அதை எண்ணவில்லை. எண்ணி என்ன செய்ய, எங்கள் பக்கம் அதை யாரும் வாங்குவதில்லை.

இதே நான் 2008, 2009 வாக்கில் நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து 95 ரூபாய்க்குச் சில்லறை வாங்கியவன். அதுவும் கெஞ்சி. இப்போது நூறுக்கு நூறு தருகிறேன் என்றாலும் பக்கத்துக் கடைக்காரர் தன் டின்னைக் காட்டுகிறார். பால்காரர் “நோட்டாக் குடுங்க அண்ணாச்சி, இல்லேன்னா போன்ல போட்ருங்க” என்கிறார். கணக்கு வைத்திருக்கும் வங்கியில் “எண்ண ஆள் இல்லை, திங்கட்கிழமை வாங்க” என்றார்கள். எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை.

எல்லோரும் போனில் பணம் போடுகிற காலத்தில் காசு குறையத்தானே வேண்டும்? என் கடையில் எப்படிச் சேருகிறது? முன்னால் இதெல்லாம் எந்த வழியாக வெளியே போனது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2 | சுக்குமல்லி, சங்கரன்கோவில்

எங்கள் மளிகைக் கடையிலும் இதே கதைதான். டின் இல்லை, வாளி. காற்றுக்குக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அப்பா அதை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்.

3 | பிசிஓ பாண்டி, மதுரை

முன்னால் எப்படிப் போனது என்பதில் பாதியை என்னால் சொல்ல முடியும். ஒரு ரூபாய்க் காசு போட்டுப் பேசும் போன் பெட்டி ஞாபகம் இருக்கிறதா? 2003-லிருந்து ஆறேழு வருஷம் என் ஜெராக்ஸ் கடை வாசலில் இரண்டு தொங்கின. பக்கத்தில் கல்லூரி. சாயங்காலம் பூட்டைத் திறந்தால் ஒரு பெட்டிக்கு 150, 200 காசு விழுந்திருக்கும். பேச வருகிற பையனிடம் காசு இருக்காது, பத்து ரூபாய் நோட்டை நீட்டுவான். நானே பத்துக் காசு எடுத்துக் கொடுப்பேன். அரை மணி நேரத்தில் அந்தப் பத்தும் என் பெட்டிக்குள்ளேயே விழுந்துவிடும். நோட்டு கல்லாவில், காசு பெட்டியில்.

ராத்திரி எட்டு மணிக்குத் தெருவில் உள்ள கடைக்காரர்கள் எல்லாம் நோட்டோடு என் வாசலில் நிற்பார்கள். மருந்துக்கடை, பழக்கடை, ஹோட்டல் எல்லாவற்றுக்கும் மறுநாள் காலைச் சில்லறை என் பெட்டியிலிருந்துதான். நான் கமிஷன் வாங்கியதில்லை. ஆனால் அந்த ஹோட்டலில் குடித்த காபிக்குக் காசு கொடுத்ததாகவும் ஞாபகம் இல்லை. ஆளாளுக்குச் செல்போன் வந்ததும் பெட்டி செத்தது. அதோடு எங்கள் தெருவின் சில்லறை வங்கியும் மூடப்பட்டது.

4 | டபுள் விசில், திருநெல்வேலி

பெட்டிக்கு முன்னாலும் பின்னாலும் சில்லறை வங்கி கண்டக்டர் பைதான். டவுன் பஸ்ஸில் 24 வருஷம் ஓடி ஓய்வு பெற்றவன், அந்த உரிமையில் சொல்கிறேன்.

காலை முதல் நடையில் பையில் ஒன்றும் இருக்காது, வீட்டிலிருந்து கைக்காசாக ஐம்பதோ நூறோ போட்டுக்கொண்டு போவேன். அந்த நேரத்தில் ஏறுகிறவர் எல்லோரும் நூறு ரூபாயை நீட்டுவார்கள். எட்டரை மணிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், சந்தைக்குக் கூடை தூக்கிப் போகிற பெண்களும் ஏறுவார்கள். அவர்கள்தான் சரியான சில்லறையைக் கைக்குள் மூடிக்கொண்டு வருகிறவர்கள். பதினொரு மணிக்குப் பை தோளை இழுக்கும். சாயங்காலம் வேபில் என்ற டிக்கெட் கணக்குத் தாளை முடித்து டிப்போவில் காசாகக் கட்டினால் கேஷியர் முகம் சுளிப்பார். அதனால் கடைசி நிறுத்தத்தில் இருக்கிற டீக்கடையில் கொட்டி நோட்டாக மாற்றிக்கொண்டுதான் போவோம். பாய்லர் அண்ணாச்சி, உங்களுக்கு அப்போது காசு விற்றவர்களில் எங்கள் ஆட்களும் இருந்திருப்பார்கள், மன்னிக்கவும்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் டிக்கெட்டின் முதுகில் பாக்கியை எழுதிக் கொடுப்போம். மறந்துவிட்டு இறங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பாக்கியில் கண்டக்டர் வீடு கட்டினான் என்று ஊரில் பேச்சு. கைக்காசு போட்டு ஈடு கட்டிய நாளை யாரும் எழுதி வைக்கவில்லை. இன்னொரு வித்தை, இரண்டு பேருக்குத் தலா ஐந்து ரூபாய் தர வேண்டியிருந்தால் ஒருவர் கையில் பத்து ரூபாய் நோட்டை வைத்து “ரெண்டு பேரும் இறங்கிப் பிரிச்சுக்கோங்க” என்று விசில் ஊதிவிடுவது. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு பெட்டிக்கடையைத் தேடிக்கொண்டு ஒன்றாக நடந்து போவார்கள். அப்படிப் பழகிச் சம்பந்தியானவர்கள் உண்டு என்று ஒரு டிரைவர் சத்தியம் செய்வார். நான் நம்பவில்லை.

அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. நல்ல திட்டம், என் வீட்டம்மாவே தினமும் போகிறாள். ஆனால் காசுக் கணக்கில் பாருங்கள். பூ விற்கிற, கீரை விற்கிற, வீட்டு வேலைக்குப் போகிற பெண்களின் காசு பைக்கு வருவது நின்றுபோனது. அது வேறு எங்கோ போயாக வேண்டும். பஸ் ஏறுமுன் ஒரு டீ குடித்தால் உங்கள் டின்னுக்குள்.

5 | கையடக்கம், பெங்களூரு

இதற்கெல்லாம் இவ்வளவு பேச்சா? காசு அடிப்பதையே நிறுத்திவிட்டு எல்லோரும் யுபிஐக்கு மாறினால் பிரச்சினை தீர்ந்தது. நான் காசைத் தொட்டு ஒரு வருஷம் ஆகிறது.

6 | டபுள் விசில், திருநெல்வேலி

தம்பி, நீங்கள் தொடவில்லை, சரி. உங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூட வாசலில் நெல்லிக்காய் எப்படி வாங்குகிறது?

7 | கையடக்கம், பெங்களூரு

நெல்லிக்காய் விற்கிற பாட்டியிடமே ஸ்கேன் அட்டை இருக்கிறது அண்ணா. பிள்ளையிடம்தான் போன் இல்லை. அந்த அளவில் ஒப்புக்கொள்கிறேன்.

8 | கவுண்டர் மூன்று

வங்கியில் காசாளராக இருக்கிறேன். எந்த வங்கி என்று கேட்காதீர்கள்.

முதலில் விதி. சிறு காசையும் சிறு நோட்டையும் எந்தக் கிளையும் மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. கணக்கில் கட்டும் காசுக்கு உச்சவரம்பு எதுவும் விதிக்கப்படவில்லை. ஆயிரம் ரூபாய்க்கு மேல் வாங்க மாட்டோம் என்று யாராவது சொன்னால், அவர் 2011 நாணயச் சட்டத்தைப் பாதி படித்திருக்கிறார். ஒருவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய பணத்தை ஆயிரத்துக்கு மேல் காசாகக் கொட்டினால் அவர் மறுக்கலாம், அவ்வளவுதான் அந்தப் பிரிவு. எட்டணாக் காசு என்றால் அந்த வரம்பு பத்து ரூபாய். ஆமாம், எட்டணா இன்னும் செல்லும். நாலணாவும் அதற்குக் கீழே உள்ளவையும்தான் 2011 ஜூன் 30-ல் செல்லாமல் போயின.

இனி நடைமுறை. எங்கள் கிளையில் நோட்டு எண்ணும் மெஷின் இரண்டு, காசு எண்ணும் மெஷின் இல்லை. வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது பதினோராயிரம் ரூபாய்க் காசை மேஜையில் கொட்டினால் நான் வாய் திறக்குமுன் வரிசையில் நிற்பவர்களே சண்டைக்கு வந்துவிடுவார்கள். வாங்கினாலும் பெட்டக அறையில் மூட்டைக்கு இடம் கிடையாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. மக்களுக்குக் காசு வழங்கினால் வங்கிக்கு ஊக்கத்தொகை இருக்கிறது, ஒரு பைக்கு 25 ரூபாயாக இருந்ததை 2021 செப்டம்பரிலிருந்து 65 ஆக்கினார்கள். அது வெளியே கொடுப்பதற்கு. உள்ளே வாங்குவதற்கு என் முதுகுவலிதான் மிச்சம்.

பாய்லர் அண்ணாச்சி, இப்படிச் செய்து பாருங்கள். வகை பிரித்து நூறு நூறாகப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொள்ளுங்கள். மாத முதல் வாரம் வேண்டாம். மதியத்துக்கு மேல் ஒரே தடவையில் மூவாயிரம் வரை கொண்டு போங்கள். அப்படியும் மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், பெரும்பாலும் அதிலேயே வாங்கிவிடுவார்கள். இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம்.

9 | அச்சுக்காசு, ஈரோடு

நான் நாணயம் சேர்ப்பவன். கவுண்டர் மூன்று சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒன்று, இரண்டு ரூபாய்க் காசை எடை போட்டே வாங்கலாம் என்று ஒரு யோசனை உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. 1992-ல் வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் 4.85 கிராம். 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79. 2019 வரிசை 3.09. மூன்றும் ஒரே டின்னில் கிடக்கும்போது தராசு என்ன செய்யும்? இன்னும் கேளுங்கள், அந்த 1992 ஒரு ரூபாயும் 2011-ல் வந்த இரண்டு ரூபாயும் ஒரே எடை, ஒரே 25 மில்லிமீட்டர் அகலம். இருட்டில் பூ வாங்கியவர்கள் எத்தனை பேர் ஏமாந்தார்களோ. பார்வையில்லாதவர்களுக்கு இது அநியாயம்.

அடிக்கிற செலவையும் பாருங்கள். 2018-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு மும்பை நாணயச்சாலை கொடுத்த பதில், ஒரு ரூபாய்க் காசு அடிக்க 1 ரூபாய் 11 பைசா. பத்து ரூபாய்க்கு 5 ரூபாய் 54 பைசா. அதே 2018 ஜனவரியில் மும்பை, கல்கத்தா, ஹைதராபாத், நொய்டா நான்கிலும் காசு அடிப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அடித்த காசை ரிசர்வ் வங்கி எடுக்காமல் கிடங்கு நிரம்பிவிட்டது. கொஞ்ச நாளில் மறுபடி ஆரம்பித்தார்கள் என்பது வேறு. பதினோரு வருஷம் முன்னால், 2007-ல், கல்கத்தாவில் சில்லறைப் பஞ்சம். காசை உருக்கிச் சவர பிளேடு செய்யப் பங்களாதேஷுக்குக் கடத்துகிறார்கள் என்று செய்தி வந்த வருஷம் அது.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை தருகிறேன். காசில் வருஷத்துக்குக் கீழே பாருங்கள். வைரம் போல் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், உருண்டைப் புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லை என்றால் கல்கத்தா. உங்கள் டின்னில் நட்சத்திரம்தான் அதிகம் என்று பந்தயம்.

10 | மல்லிகை மகள், திருச்சி

என் அம்மா முப்பது வருஷம் கோயில் வாசலில் பூவும் அர்ச்சனைத் தட்டும் விற்றார். சில்லறை பற்றி அம்மாவுக்குத் தெரிந்த அளவு எந்த வங்கிக்காரருக்கும் தெரியாது.

தட்டு நாற்பது ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ரூபாய் நோட்டுக்கு மீதி கொடுக்கும்போது பத்து ரூபாய் நோட்டு கையில் இருந்தாலும் அம்மா கொடுக்க மாட்டார். இரண்டு ரூபாயும் ஒரு ரூபாயுமாக எண்ணிக் கொடுப்பார். சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. பூக்கடையிலிருந்து கோயில் படி வரைக்கும் பத்துப் பதினைந்து பேர் பிச்சைத் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். கையில் நோட்டாக இருந்தால் பக்தர் நேராக நடந்துவிடுவார், காசாக இருந்தால் குனிவார். ராத்திரி நடை சாத்தியதும் அந்தப் பதினைந்து பேரும் அம்மாவிடம் வந்து காசைக் கொடுத்து நோட்டாக வாங்கிக்கொள்வார்கள். மறுநாள் காலை அதே காசு மறுபடி பக்தர் கையில். நூறு அடித் தூரத்துக்குள் ஒரே காசு எத்தனை தடவை நடந்திருக்கும் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது.

தட்டுப்பாடு வந்தபோது ஹோட்டல்காரர்கள் நேராக அவர்களிடமே போய் நூறு ரூபாய்க் காசுக்கு 105 கொடுத்தார்கள். ஒரு பாட்டி மட்டும் “பூக்காரம்மாவுக்குத்தான்” என்று மறுத்துவிட்டார். இப்போது நிலைமை தலைகீழ். நூறு ரூபாய்க் காசு கொடுத்தால் தொண்ணூறு தருகிற கடைகள் இருக்கின்றன. காசு கிடைக்காத காலத்தில் கமிஷன் கொடுத்தவர் கடைக்காரர். காசு பெருகிய காலத்தில் கமிஷன் கொடுப்பவர் பிச்சை எடுப்பவர். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

11 | ஐந்து சென், பினாங்கு

இங்கே மலேசியாவில் 2008 ஏப்ரலிலிருந்து ஒரு சென் காசு கிடையாது. ரொக்கம் கொடுத்தால் மொத்தத் தொகையை ஐந்து சென்னுக்கு ஒட்டிச் சமப்படுத்துவார்கள். கடைசி எண் ஒன்று, இரண்டு என்றால் விட்டுவிடுவது, மூன்று, நான்கு என்றால் ஐந்தாக்குவது, இப்படி. முதல் ஆறு மாதம் எங்கள் பாட்டி ரசீதைப் பிடித்துக்கொண்டு கடையில் சண்டை போட்டார். பிறகு அவரே இரண்டு சென் லாபம் வருகிற மாதிரி சாமான் சேர்த்து வாங்கக் கற்றுக்கொண்டார்.

12 | சுக்குமல்லி, சங்கரன்கோவில்

பாட்டி பிழைத்துக்கொள்வார். இங்கே ரேஷனில் சர்க்கரை கிலோ 25 ரூபாய், தலைக்கு அரை கிலோ. தனி ஆள் அட்டைக்குப் பன்னிரண்டரை ரூபாய். அந்த எட்டணாவை யார் கொடுத்து யார் வாங்கிப் பார்த்திருக்கிறீர்கள்? செல்லும் காசுதான், செல்ல இடம்தான் இல்லை.

13 | சல்லடை, தூத்துக்குடி

கல்லூரியில் படிக்கும்போது இரண்டு தடவை கோயில் உண்டியல் எண்ணப் போயிருக்கிறேன். காசைக் கையால் பிரிப்பதில்லை. வேறு வேறு அளவு ஓட்டை போட்ட சல்லடை, மாவு சலிப்பது மாதிரி. சின்னக் காசு கீழே விழும், பெரியது மேலே நிற்கும். அதற்குப் பிறகும் கலந்ததைப் பிரிக்க நாங்கள். ராத்திரி விரல் கறுப்பாக இருக்கும், எவ்வளவு சோப்பு போட்டாலும் ஒரு வாடை போகாது. சாக்கு சாக்காக வங்கிக்காரர்கள் எடுத்துப் போவார்கள்.

சொல்ல வந்தது வேறு. உண்டியல் திறக்க மாதக் கணக்கில் ஆகும். அதுவரை உள்ளே விழுந்த காசு தெருவுக்கு இல்லை. வீட்டு உண்டியல், குலதெய்வத்துக்கு முடிந்து வைத்த மஞ்சள் துணி, காரில் கியர் பக்கத்துக் குழி எல்லாமே அப்படித்தான். 2009-ல் அண்ணாச்சிக்குக் காசு கிடைக்காமல் போனதற்கு நாட்டில் காசு இல்லாதது மட்டும் காரணமாக இருக்காது. எல்லாரும் 'கிடைக்காது' என்று பயந்து ஆளுக்கு நாலு காசைப் பிடித்து வைத்துக்கொண்டால் தட்டுப்பாடு தானாக வந்துவிடும். 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றபோது பார்த்தோமே. புது இரண்டாயிரம் ரூபாய் நோட்டுக்குச் சில்லறை தர ஆள் இல்லை, என் அத்தை வீட்டில் மட்டும் பிள்ளைகளின் மண் உண்டியல் மூன்று உடைந்தது.

14 | அச்சுக்காசு, ஈரோடு

பாய்லர், ஒரு சின்னச் சோதனை செய்வீர்களா? இரண்டு நாள் கல்லா பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். காசாகக் கொடுத்தவர் எத்தனை, உங்களிடம் மீதிக் காசு வாங்கியவர் எத்தனை என்று கோடு மட்டும் போடுங்கள். ஊகத்தில் பேசி எவ்வளவு நேரம்தான் ஓட்டுவது.

15 | பத்து ரூபாய்க்காரன், தருமபுரி

இந்த இழையில் இன்னும் யாரும் பத்து ரூபாய்க் காசைப் பற்றி விரிவாகப் பேசாதது அதிசயம். எங்கள் மாவட்டத்தில் பேருந்தில் நீட்டினால் என்னவோ கள்ளநோட்டு கொடுத்த மாதிரி பார்ப்பார்கள். காசில் உள்ள கதிர்க் கோடு பத்து இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் போலி, ரூபாய்க் குறி இல்லாவிட்டால் செல்லாது, எத்தனை கதை. பதினான்கு வடிவத்தில் வந்திருக்கிறது, பதினான்கும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்தது. 14440 என்ற எண்ணுக்கு அடித்தால் பதிவு செய்த குரலே சொல்லும். நான் ஒரு கடைக்காரருக்கு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்க வைத்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அந்தம்மா சொல்றது சரிதான் தம்பி, ஆனா நான் வாங்கினா என்கிட்ட யார் வாங்குவா?” என்றார். அவர் மேல் கோபப்பட முடியவில்லை.

2022-ல் எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் ஆறு லட்சம் ரூபாய் பத்து ரூபாய்க் காசாகவே சேர்த்துச் சேலத்தில் கார் வாங்கியது செய்தியில் வந்ததே. ஒரு காசு 7.7 கிராம் சொச்சம் என்றால் அறுபதாயிரம் காசு 460 கிலோ. காருக்குள் ஏற்றினால் கார் தாங்காது.

16 | கையடக்கம், பெங்களூரு

சென்னையில் வாங்குகிறார்கள். பெங்களூரிலும் வாங்குகிறார்கள். அண்ணாச்சி, பாட்டிலோடு ரயில் ஏறுங்கள்.

17 | பத்து ரூபாய்க்காரன், தருமபுரி

அதைத்தான் என் மாமா செய்கிறார். மாதம் ஒரு தடவை மருந்து வாங்கச் சென்னை போகும்போது வேட்டி மடிப்பில் முப்பது காசு. திரும்பி வரும்போது மடிப்பு காலி. காசு செல்கிறதா என்பது சட்டத்தில் இல்லை, அடுத்த ஆள் வாங்குவான் என்ற தைரியத்தில் இருக்கிறது.

18 | பாய்லர், கோவில்பட்டி

சோதனை முடிந்தது. மகள்தான் கோடு போட்டாள். இரண்டு நாளில் காசாகக் கொடுத்தவர்கள் 212 பேர். என்னிடம் மீதிக் காசு வாங்கிப் போனவர்கள் 61 பேர். எனக்கு முதலில் விளங்கவில்லை, அவள்தான் விளக்கினாள்.

முன்னால் கடைக்கு இரண்டு வகை ஆள் வருவார்கள். ஐம்பதும் நூறும் நீட்டுகிறவர்கள், மார்க்கெட்டிங் பையன்கள், ஆபீஸ்காரர்கள், கார் நிறுத்தி இறங்குகிறவர்கள். காசை எண்ணிக் கொடுக்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், பெரியவர்கள், பள்ளிப் பிள்ளைகள். இரண்டாவது ஆள் கொடுத்த காசைத்தான் முதல் ஆளுக்கு மீதியாகக் கொடுத்து வந்தேன். என் டின் ஒரு வழிதான், சேரும் இடம் இல்லை. இப்போது முதல் ஆள் மொத்தமாகப் போனுக்குப் போய்விட்டார். பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி 'பன்னிரண்டு ரூபாய்' என்று கத்துகிறது, அவர் போய்விடுகிறார். இரண்டாவது ஆள் மட்டும் அப்படியே இருக்கிறார். காசு வருகிறது, கொண்டு போக ஆள் இல்லை.

இன்னொன்றும் கண்டுபிடித்தாள். டீ பத்து ரூபாயாக இருந்தபோது இவ்வளவு காசு புழங்கவில்லை. பன்னிரண்டு ஆக்கியதும்தான் இரண்டு ரூபாய் வந்து குவிந்தது. விலை வைத்தது நான்தான், வேறு யாரைச் சொல்ல.

அச்சுக்காசு அய்யா, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். நட்சத்திரம் பாதிக்கு மேல்.

19 | டபுள் விசில், திருநெல்வேலி

பிள்ளையை நன்றாகப் படிக்க வையுங்கள்.

அப்படியானால் இனி தேட வேண்டியது காசு வேண்டுகிற ஆளை. உங்கள் ஊரில் மினிபஸ் ஓடுகிறதா? தனியார் மினிபஸ்ஸில் பெண்களுக்கும் டிக்கெட் உண்டு, நோட்டு நீட்டுகிறவர்கள் அதிகம். காலை நடைக்கு அவர்களுக்குச் சில்லறை கண்டிப்பாக வேண்டும். உழவர் சந்தையில் அதிகாலை கடை போடுகிறவர்களும் அப்படித்தான். ஏழு மணிக்கு மேல் போனால் அவர்களிடமே காசு இருக்கும், ஐந்தரைக்குப் போங்கள்.

20 | கவர் ஒட்டி, விருதுநகர்

ஒரு ரூபாய்க் காசு எனக்கு வேண்டும் அண்ணாச்சி. மொய்க் கவரில் ஒட்டுகிறோமே, நூற்றி ஒன்று, ஐந்நூற்றி ஒன்றுக்கு அந்த ஒன்று. முகூர்த்த மாதங்களில் வாரத்துக்கு இரண்டாயிரம் காசு வரை போகும். ஆனால் ஒரு நிபந்தனை, பளிச்சென்று இருக்க வேண்டும். கறுத்த காசை ஒட்டினால் கவர் திரும்பி வந்துவிடும். நல்ல காரியத்துக்குக் கொடுப்பதில்லையா.

21 | மல்லிகை மகள், திருச்சி

அந்தக் காசெல்லாம் கல்யாண வீட்டில் ராத்திரி உட்கார்ந்து பசையோடு பிய்த்து எடுக்கப்பட்டு ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள் போகும். எங்கள் வீட்டில் என் கல்யாண டப்பா இன்னும் இருக்கிறது. சல்லடை சொன்ன பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

22 | பாய்லர், கோவில்பட்டி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஒரு ரூபாய்க் காசு ஆயிரத்து இருநூறு விருதுநகருக்குப் போயிற்று. சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துத் துடைத்தோம். ஐந்து ரூபாய் என்றால் புளி போட்டுத் தேய்த்திருக்கலாம், ஸ்டீலுக்குப் புளி வேலை செய்யாது. மினிபஸ் கண்டக்டர் ஒருவர் தினமும் காலை ஐந்தேமுக்காலுக்கு வந்து இருநூறு ரூபாய்க்கு இரண்டும் ஐந்தும் வாங்கிப் போகிறார். கமிஷன் இல்லை, ஆனால் டீக்குக் காசு கொடுப்பதில்லை. பிசிஓ பாண்டி அண்ணன் கதைதான். மீதியில் மூவாயிரத்தைக் கவுண்டர் மூன்று சொன்ன மாதிரி பையில் கட்டிக்கொண்டு மதியம் போனேன், வாங்கிக்கொண்டார்கள். பத்து ரூபாய் பாட்டில் மட்டும் அப்படியே இருக்கிறது. சித்திரையில் மச்சினன் சென்னை போகிறான்.

மகள் இன்னொரு வேலை செய்தாள். கண்டக்டருக்குக் கொடுத்த ஐந்து ரூபாய்க் காசில் இருபதுக்குச் சிவப்பு நெயில்பாலிஷில் ஒரு பொட்டு வைத்தாள், எத்தனை திரும்பி வருகிறது என்று பார்க்க. மூன்று வந்திருக்கிறது. முதலாவது நான்காம் நாளே வந்தது, கொடுத்தவர் எட்டயபுரம் ரோட்டில் மரக்கடையில் வேலை பார்க்கிற பெரியவர். அவருக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டாள். மருந்துக்கடையிலாம். அங்கே போய்க் கேட்டு வந்தாள், அவர்கள் 'தெரியாது பாப்பா' என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்றையும் மறுபடி கல்லாவில் போடச் சொன்னேன். போட மாட்டேன் என்று பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டாள்.